ஐசியூல இருந்து டீச்சிங்குக்கு போகலாமா?

கேள்வி: பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சு ஒன்பது வருஷமா ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். நைட் ட்யூட்டி உடம்புக்கு ஒத்துக்கல, டீச்சிங் பக்கம் போகலாம்னு தோணுது. சம்பளம் குறையும், கை வேலை மறந்துடும், பிஎச்டி இல்லன்னா மேல போக முடியாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல எதிர்காலம் இருக்கா?

பதில்: இருக்குங்க சிஸ்டர், நல்லாவே இருக்கு. 2023 கணக்குப்படி உலகம் பூரா கிட்டத்தட்ட 2.98 கோடி நர்ஸுங்க இருக்காங்க, அப்படியும் 58 லட்சம் பேர் பத்தலன்னு உலக சுகாதார நிறுவனம் 2025 ரிப்போர்ட்ல சொல்லியிருக்கு. புதுசா ஆள் உருவாக்கணும்னா சொல்லித்தர ஆள் வேணும்ல, அங்கதான் மாட்டிக்குது. அமெரிக்கால 2023ல மட்டும் தகுதியான அப்ளிகேஷன்லயே 60,000க்கு மேல நர்ஸிங் ஸ்கூலுங்க எடுத்துக்க முடியாம திருப்பி விட்டாங்க, அதுக்கு அவங்க சொன்ன காரணங்கள்ல டீச்சர் பத்தாததும் ஒண்ணு.

ஆனா ஒண்ணு, நைட் ட்யூட்டில இருந்து தப்பிக்கறது மட்டும்தான் காரணம்னா கொஞ்சம் நில்லுங்க. ராத்திரி முழிக்க வேண்டாம், சரிதான், ஆனா கிளாஸுக்கு ரெடி பண்றது, பேப்பர் திருத்தறது, ஃபெயில் ஆகப்போற பொண்ண உக்கார வெச்சு பேசறதுன்னு வேலை வீட்டுக்கும் கூடவே வரும். புதுசா வந்த சிஸ்டருக்கு வென்டிலேட்டர் அலாரம் ஏன் அடிக்குதுன்னு நீங்க பொறுமையா சொல்லி, அவங்க முகத்துல "ஓ, இதுதானா"ன்னு ஒரு வெளிச்சம் வருதே, அது உங்களுக்கு சந்தோஷமா இருந்தா தாராளமா வாங்க.

டீச்சிங்னாலே காலேஜ்னு நினைக்கறாங்க. ஆஸ்பத்திரிக்குள்ளயே கிளினிக்கல் எஜுகேட்டர் போஸ்ட் இருக்கு, புது ஸ்டாஃப் ஓரியன்டேஷன், சிபிஆர் ட்ரெய்னிங், புது மெஷின் வந்தா எல்லாருக்கும் பழக்கி விடறதுன்னு எல்லாம் அவங்க பொறுப்பு, ஐசியூ அனுபவம் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப பொருத்தமான இடம். காலேஜ் பக்கம்னா கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், லெக்சரர், அப்புறம் புரொஃபசர், பிரின்சிபால்னு ஏணி போகும். இது ரெண்டும் இல்லாம சிமுலேஷன் லேப் (நிஜ பேஷன்ட்டுக்கு பதிலா பொம்மைய வெச்சு நிஜம் மாதிரியே பழக்கற இடம்), பாடத்திட்டம் எழுதறது, மெடிக்கல் எக்விப்மென்ட் கம்பெனில ட்ரெய்னர்னு வழி பிரியும். இப்போதைக்கு நான் கண்ண வைக்கச் சொல்றது சிமுலேஷன் மேலதான், ஏன்னா 2014ல அமெரிக்கால வந்த ஒரு பெரிய ஆய்வுல, கிளினிக்கல் நேரத்துல, அதாவது ஸ்டூடன்ட்ஸ் வார்டுல பழகற நேரத்துல, பாதி வரைக்கும் நல்ல சிமுலேஷனா மாத்தினாலும் ஸ்டூடன்ட்ஸோட ரிசல்ட் குறையலன்னு தெரிஞ்சுது, ஆனா அத நடத்தறவங்க முறையா ட்ரெய்னிங் எடுத்தவங்களா இருக்கணும். அந்த ட்ரெய்னிங் இருக்கறவங்களுக்குத்தான் கிராக்கி.

பிஎச்டி எல்லாருக்கும் வேணும்னு இல்ல. புரொஃபசர் லெவல், ரிசர்ச்னா பல இடத்துல கேப்பாங்க. காலேஜ்ல பாடம் எடுக்க பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேப்பாங்க, ஆஸ்பத்திரி எஜுகேட்டருக்கு சில இடத்துல பிஎஸ்சியும் அனுபவமுமே போதும். உங்க ஊர் நர்ஸிங் கவுன்சில் என்ன விதி வெச்சிருக்குன்னு பாத்துட்டு அப்புறமா ஃபீஸ் கட்டுங்க.

சம்பளம் பத்தி சொல்றவங்க பொய் சொல்லல. நைட் அலவன்ஸ், ஓவர்டைம்லாம் சேத்து வாங்கற சீனியர் ஸ்டாஃப், காலேஜ்ல கீழ் போஸ்ட்ல சேர்ந்தா பல இடத்துல கையில வர்றது குறையத்தான் செய்யும், டீச்சர் பஞ்சத்துக்கே இது ஒரு காரணம், இத நிர்வாகங்க சரி பண்ணியே ஆகணும். ஆஸ்பத்திரி எஜுகேட்டரா போனா பெரும்பாலும் அதே ஸ்கேல்ல இருக்கலாம், அலவன்ஸ் மட்டும் போகும்.

இனி நிறைய பேர் சொல்லாத விஷயம். நீங்க ஐசியூல எக்ஸ்பர்ட், ஆனா டீச்சிங்ல முதல் நாள் நீங்க புது ஆளு. பாட்ரிஷியா பென்னர்னு அமெரிக்க நர்ஸிங் ஆராய்ச்சியாளர் ஒருத்தங்க 1984ல நர்ஸ் வளர்ற விதத்த அஞ்சு படியா பிரிச்சாங்க, அதுல எக்ஸ்பர்ட் ஆனவங்க யோசிக்காமயே புரிஞ்சுக்கறாங்க, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாதுன்னு காட்டினாங்க. ஸ்டூடன்ட் ஒருத்தி சார்ட்ல ரெஸ்பிரேஷன், அதாவது நிமிஷத்துக்கு எத்தன மூச்சுங்கறது, 18னு எழுதியிருக்கா, நீங்க வாசல்ல நின்னே பாத்துட்டீங்க, பேஷன்ட் 28 கிட்ட மூச்சு விடறார், தோள் ஏறி ஏறி இறங்குது. "தப்பு, திரும்ப எண்ணு"ன்னா அவ எண்ணிடுவா, ஆனா ஒண்ணும் கத்துக்க மாட்டா. அவள பெட் பக்கத்துல நிக்க வெச்சு, பல்ஸ் பாக்கற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டே முழு ஒரு நிமிஷம் எண்ண வெச்சு, கழுத்து, தோள், பேச்சு நடுவுல நிக்கறது எல்லாத்தயும் அவ வாயாலயே சொல்ல வைக்கணும், பல நேரம் மத்ததெல்லாம் மாறறதுக்கு முன்னாடியே ரெஸ்பிரேஷன் ஏற ஆரம்பிக்கும்னு அப்பதான் அவளுக்குப் பதியும். உங்களுக்கு தானா வர்றத துண்டு துண்டா பிரிச்சுக் காட்டறதுதான் இந்தத் தொழில், அதனாலதான் ஃபீட்பேக் குடுக்கறது, கேள்வித்தாள் எடுக்கறது, ஓஸ்கி (ஒவ்வொரு டேபிளா போய் செஞ்சு காட்டற ப்ராக்டிகல் பரீட்சை) நடத்தறது எல்லாம் தனியா படிக்கணும்னு சொல்றேன்.

கை வேலை மறக்குமான்னா, விட்டா மறக்கும். மாசத்துல சில ஷிஃப்ட் வார்டுல பாக்க விடற இடமா பாருங்க, ஸ்டூடன்ட்ஸுக்கும் உங்க பேச்சு மேல நம்பிக்கை வரும்.

வேலைய விடறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற யூனிட்லயே ப்ரிசெப்டரா, அதாவது புது ஸ்டாஃப் கூட நின்னு பழக்கி விடற சீனியரா, போடச் சொல்லி கேளுங்க, ஒரு புது ஸ்டாஃப முதல் நாள்ல இருந்து தனியா பேஷன்ட் பாக்கற வரைக்கும் கொண்டு வாங்க, அப்பவே உங்களுக்கு இது ஒத்து வருமான்னு தெரிஞ்சுடும். அப்புறம் இன்டர்வியூ போறப்ப, வார்டுல ஒரு டீச்சருக்கு எத்தன ஸ்டூடன்ட், முதல் வருஷம் கூட நின்னு வழிகாட்ட சீனியர் யாராவது இருக்காங்களா, மாஸ்டர்ஸ் படிக்க லீவும் ஃபீஸும் குடுப்பாங்களான்னு மூணையும் கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்கங்க.