இதயம் துடிப்பது நமக்கு ஏன் தெரிவதில்லை?

கேள்வி: இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது, குடல் ஓயாமல் அசைகிறது. எதுவுமே நமக்குத் தெரிவதில்லையே, மூளைதான் மறைக்கிறதா?

பெரும்பாலும் மூளைதான். செய்தி அதற்கு வந்து சேராமல் இல்லை. மூளைக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம், உறுப்புகளிடமிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அவை முதலில் மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளத்தில் போய்ச் சேர்கின்றன. ரத்த அழுத்தம், செரிமானம் போன்ற அன்றாடச் சரிக்கட்டல்களில் பெரும்பகுதி அந்தக் கீழ்மட்டங்களிலேயே, நம்மைக் கேட்காமலேயே முடிந்துவிடுகிறது. மீதிச் செய்தி, மூளையின் நடுவில் செய்திகளைப் பிரித்தனுப்பும் தாலமஸ் வழியாக, மூளையின் பக்கவாட்டுப் பிளவுக்குள் புதைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்குப் போகிறது. அங்கே போனபிறகும் எல்லாமே நம் கவனத்துக்கு வருவதில்லை.

காரணம், இதயத்தின் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். எதிர்பார்த்தபடி வந்த செய்தியை அது தள்ளுபடி செய்கிறது, எதிர்பாராததைத்தான் மேலே அனுப்புகிறது. இரவெல்லாம் ஓடும் மின்விசிறி நின்றால்தானே விழித்துக்கொள்கிறோம்.

இந்தத் தள்ளுபடியைச் சோதனைக்கூடத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ராய் சாலமன், ஓலாஃப் பிளாங்க் குழுவினர் 2016இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் மின்னும் ஓர் உருவத்தை, பார்ப்பவரின் சொந்த இதயத் துடிப்போடு சேர்ந்தே மின்ன வைத்தார்கள். துடிப்போடு சேராமல் மின்னியபோது ஆன நேரத்தைவிட, சேர்ந்து மின்னியபோது அது கண்ணுக்குப் புலப்படக் கூடுதல் நேரம் ஆனது. இன்சுலாவின் செயல்பாடும் அப்போது குறைந்திருந்தது. அதாவது இதயத்தை மட்டுமல்ல, இதயத்தின் தாளத்தோடு வரும் வெளிக்காட்சியையும் மூளை சேர்த்தே அடக்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2020இல் வெளியான ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. விரலில் கொடுக்கும் மிக மெல்லிய மின்தூண்டலை, இதயம் சுருங்கும் நேரத்தில் மக்கள் தவறவிடுவது அதிகமாக இருந்தது.

உங்கள் உடம்பில் எவ்வளவு கேட்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ரைனர் ஷாண்ட்ரி என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட முறை இது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இன்னொருவர் கடிகாரம் பார்த்து "தொடங்கு", "நிறுத்து" சொல்ல வேண்டும்: 25, 35, 45 விநாடி என மூன்று சுற்று, நீளத்தை முன்பே சொல்லக்கூடாது. நாடியைத் தொடாமல், மூச்சை அடக்காமல், உணர்ந்த துடிப்புகளை மட்டும் மனதுக்குள் எண்ணுங்கள். அதே நேரத்தில் உண்மையான துடிப்புகளை, நாடியை அளக்கும் கருவி ஒன்று எண்ணட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உண்மை எண்ணால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். உண்மையில் 42, நீங்கள் எண்ணியது 30 என்றால் 12ஐ 42ஆல் வகுக்க 0.29, மதிப்பெண் 0.71. மூன்று சுற்றுக்கும் சராசரி எடுங்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் கிளிப் இறுக்கமாக இருந்தால் விரல் நுனியிலேயே துடிப்பு தெரிந்துவிடும். நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்தாலும், விரல்களை மேசையில் அழுத்தி வைத்திருந்தாலும் அப்படியே. அது உடம்புக்குள்ளிருந்து வரும் உணர்வு அல்ல, தொடுவுணர்வு. இரண்டாவது இன்னும் மோசமானது: "நிமிடத்துக்கு எழுபது சொச்சம்" என்று ஏற்கெனவே தெரிந்தவர் எதையுமே உணராமல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். அதனால்தான் "ஊகிக்காதே, உணராவிட்டால் பூஜ்யம் சொல்" என்று அறிவுறுத்த வேண்டும். அப்படிச் சொன்னதும் பலருடைய மதிப்பெண் சரிகிறது. இந்தச் சோதனையை வைத்து "என் உடம்புக்குள் நடப்பதை உணர்வதில் நான் கூர்மை" என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன் உடம்பைத் தான் நன்றாக உணர்வதாக நம்புவது வேறு, எண்ணிக்கை சரியாக வருவது வேறு. இரண்டும் ஒருவரிடமே ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம்.

எல்லா மறைப்பையும் மூளையே செய்வதில்லை. உள்காதில் மேல் அரைவட்டக் குழாயை மூடியிருக்கும் மெல்லிய எலும்பில் ஓட்டை விழுந்தால், சிலருக்குத் தன் நாடி மட்டுமல்ல, தன் கண் உருளும் சத்தமே கேட்கும். லாயிட் மைனர் என்ற காது மருத்துவர் 1998இல் விவரித்த நோய் இது. அவர்களிடம் பழுதானது காதின் எலும்பு மட்டுமே.

மறைப்பு ஆபத்தாக மாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் சுகர் உள்ள வீடுகள் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கும்போது உடம்பு அட்ரினலின் விடுகிறது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் வருவது அதனால்தான். சிந்தனை தடுமாறுவது அதற்கும் கீழே, சுமார் 50ஐ நெருங்கும்போது. இந்த இடைவெளிதான் நோயாளிக்குக் கிடைக்கும் அவகாசம். லோ சுகர் அடிக்கடி வந்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. எச்சரிக்கை தொடங்கும் அளவு கீழே கீழே போய், கடைசியில் சிந்தனை தடுமாறும் அளவுக்கும் கீழே போய்விடும். அப்போது வியர்க்காது, நடுங்காது, நேராகக் குழப்பமும் மயக்கமும்தான். ஒரே ஒரு முறை சுகர் இறங்கினாலே அடுத்த முறைக்கான எச்சரிக்கை மங்குகிறது.

நல்ல செய்தி, இது திரும்பும். இரண்டு மூன்று வாரம் ஒரு தடவைகூட லோ வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அறிகுறிகள் மீண்டும் தெரியத் தொடங்குகின்றன. அதற்காகச் சர்க்கரை இலக்கைச் சற்று உயர்த்துவதும் இன்சுலின் அளவை மாற்றுவதும் மருத்துவர் செய்ய வேண்டியது, நீங்களாகச் செய்யாதீர்கள். அதுவரை உணர்வை நம்பாமல் குளுக்கோமீட்டரை நம்புங்கள், வண்டி ஓட்டும் முன் கட்டாயம் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது தட்டையாக மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரைகளால் வந்த லோ, ஏறியபிறகும் திரும்ப இறங்கலாம், அதனால் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கக் கொடுக்கும் ப்ரோபரனலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் சிடுசிடுப்பது, பேச்சு குழறுவது இதையெல்லாம் நோயாளியைவிட வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

மூச்சிலும் இதே கதை. மூச்சுமுட்டும் உணர்வு பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதால் வருவதல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. தண்ணீருக்குள் முங்கும் முன் வேகவேகமாக ஆழமூச்சு விடுகிறவர், உள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அலாரத்தை நிறுத்திவிடுகிறார். ஆக்ஸிஜன் தீர்ந்து நினைவு தப்பும்வரை அவருக்கு முட்டவே முட்டாது. கிணற்றில் முங்கு நீச்சல் போட்டி போடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். கோவிட் காலத்தில் சிலர் ஆக்ஸிஜன் அளவு 80களில் இருந்தும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம், கார்பன் டை ஆக்சைடு ஏறாமல் இருந்ததே.

தாகமும் வயதானால் மங்குகிறது. வெயில் காலத்தில் பாட்டியிடம் "தாகமாயிருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை, நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இரவில் இடப்பக்கம் படுத்ததும் இதயம் திடீரென்று கேட்கத் தொடங்கியது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்தப் பக்கம் சாயும்போது இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருகிறது, வெளிச்சத்தமும் இல்லை, கவனமும் அங்கே போகிறது. பயந்தால் துடிப்பு வலுக்கும், வலுத்தால் இன்னும் கேட்கும். பக்கம் மாறிப் படுத்தாலே பலருக்குப் போதும். துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தாலோ, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். முடிந்தால் படபடப்பு இருக்கும்போதே எடுங்கள், அடங்கியபிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.