பொம்மைக்கு ஹாலு, மாமனாருக்கு திருச்சியா?

கேள்வி: அக்கா, எங்க லேப்ரடார் பப்லுவுக்கு மூணு வயசு, சேட்டை தாங்கல. கீச்சு கீச்சுனு கத்துற வாத்து பொம்மை வாங்கிக் குடுத்தா கவ்வி உதறு உதறுனு உதறி பத்தே நிமிஷத்துல வயித்தைக் கிழிச்சு பஞ்சை வீடு முழுக்க பறக்க விட்டுடுறான். புது பொம்மை ரெண்டு நாள்ல போரடிச்சுடுது, நிறம் போன பழைய டென்னிஸ் பாலை மட்டும் விடவே மாட்டான், அதைக் கொண்டு போய் துளசி மாடத்துல பொதைச்சு வைப்பான். கீழ கெடந்த பொம்மை தடுக்கி மாமனார் ரெண்டு தடவை விழப் பாத்துட்டார்னு அவரை திருச்சில நாத்தனார் வீட்டுல விட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்ப தினம் சாயங்காலம் பப்லு அந்தப் பாலை மாமாவோட ஈஸி சேர்ல வெச்சிட்டு வாலை ஆட்டிட்டே நிப்பான், செம காமெடி, வீடியோ கூட எடுத்து வெச்சிருக்கேன். கிழியாத பொம்மை எந்த பிராண்ட்ல கிடைக்கும்? – வாசகி, சேலம்.

பதில்: பொம்மைக்கு அப்புறம் வர்றேன்ம்மா. இந்த மாதிரி லெட்டர் எனக்கு வந்துட்டேதான் இருக்கு, நாயைப் பத்தி ஆரம்பிக்கும், இல்லனா மாடித்தோட்டத்தைப் பத்தி ஆரம்பிக்கும், நடுவுல ஒரு பெரியவர் ஒரே ஒரு வரில எட்டிப் பாத்துட்டுப் போயிடுவார். உங்க லெட்டர்லயும் அந்த ஒரு வரிதான் எனக்குக் கண்ணுல பட்டுச்சு. தரைல பொம்மை கெடந்துச்சு, மனுசன் தடுக்குனார், சரி. அதுக்கு பொம்மையைத்தானே எடுத்து வைப்பாங்க, நீங்க மனுசனை எடுத்து வெச்சிருக்கீங்க. இருநூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி மூலைல வெச்சிருந்தா முடிஞ்சு போற விஷயம், அதுக்கு எட்டு மாசமா ஒரு பெரியவர் பெட்டியும் கையுமா மக வீட்டுல உக்காந்திருக்கார்.

அந்த வீடியோவை திரும்ப ஒரு தடவை போட்டுப் பாருங்க. லேப்ரடார்ங்கறது ரிட்ரீவர் ஜாதி, அந்தக் காலத்துல வேட்டைக்காரங்க சுட்ட வாத்தை தண்ணில இறங்கி கவ்விட்டு வந்து கைல குடுக்கறதுக்குனே வளர்த்த நாய், எதையாவது வாயில வெச்சிட்டு யாருகிட்டயாவது கொண்டு போகலனா அதுக்கு பொழுதே போகாது. வாங்கிக்க ஒரு கை வேணும், திருப்பி வீச ஒரு கை வேணும். உங்க வீட்டுல அந்தக் கை யாரோடதுனு நீங்க எழுதல, உங்க நாயே எழுதிக் குடுத்திருச்சு. நாய் ஏங்குது, அழுவுதுனு நான் கதை கட்ட வரல, ஆனா சாயங்காலம் ஆனா அந்த சேர்ல இருக்கறவர் பாலை வீசுவார்னு அதுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு, யாரும் வீசலனாலும் தினமும் போய் கேட்டுட்டு நிக்குது. பக்கத்துல நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சிருந்த நேரத்துல பாலை எடுத்து ஒரு தடவை நீங்க வீசியிருக்கலாமே?

இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரர் இந்த லெட்டர்லயே இல்ல. அவங்கப்பா தானே? பழியை உங்க மேல மட்டும் போட எனக்கு மனசு வரல, பெத்தவரை எங்க வெச்சுப் பாக்கறதுங்கறது முதல்ல அவர் பேச வேண்டிய பேச்சு. நாத்தனார் பாத்துக்கறதுல தப்பே இல்ல, மகளுக்கும் அந்தக் கடமை இருக்கு, 2007-ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமே மகன் மகள்னு பிரிச்சுச் சொல்லல. ஆனா திருச்சிக்குப் போறீங்களானு அவரை யாராவது கேட்டீங்களா? வயசானவங்களுக்கு அவங்க சேரு, அவங்க ஜன்னல், தினம் உக்காந்து பழகுன திண்ணை இதெல்லாம் சாப்பாடு மாதிரி, அதைப் பிடுங்கிட்டு மூணு வேளை சோறு போட்டா பாத்துக்கிட்டதா ஆகாதுங்கறதுதான் என் கட்சி, இதுல யார் சண்டைக்கு வந்தாலும் சரி.

இப்ப நாய்க்கு வருவோம். பொம்மையை உதறுறது எலியை, முயலைக் கவ்வி கழுத்தை முறிக்கற பழைய வேட்டை புத்தி, அந்த கீச் சத்தம் மாட்டிக்கிட்ட சின்னப் பிராணி கத்துற மாதிரி இருக்கறதால வெறி இன்னும் ஏறும். அதனால துணி பொம்மையை ஆள் இல்லாதப்ப குடுக்காதீங்க, உள்ள இருக்கற பீப்பியையும் பஞ்சையும் முழுங்கிட்டா குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடும். டென்னிஸ் பாலும் வேண்டாம், மேல இருக்கற அந்த சொரசொரப்பு பல்லைத் தேய்ச்சிடும், லேப்ரடார் மாதிரி பெரிய வாய்க்கு அது தொண்டைலயும் மாட்டலாம், கொஞ்சம் பெரிய கெட்டி ரப்பர் பாலா வாங்குங்க. கிழியாத பொம்மைனு ஒண்ணு உலகத்துலயே கிடையாது, காங் (Kong)ங்கற பிராண்ட் மாதிரி நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் பொம்மைனா கொஞ்சம் தாங்கும், அதுல உப்பு போடாத, தாளிக்காத தயிர் சாதத்தை அடைச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் குடுத்தா நக்கிட்டே ரொம்ப நேரம் கெடப்பான். ரெண்டு நாள்ல போரடிக்குதுனு காசைக் கொட்டாதீங்க. 2012-ல பிரிட்டன் ஆராய்ச்சிக்காரங்க 16 லேப்ரடாரை வெச்சே இதைப் பாத்திருக்காங்க, ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் குடுத்தா சீக்கிரம் விட்டுடுச்சுங்க, வேற நிறம், வேற வாசனைல இன்னொண்ணு வந்ததும் மறுபடி துள்ள ஆரம்பிச்சிடுச்சுங்க. மூணு பொம்மை மட்டும் கீழ விட்டுட்டு மிச்சத்தை பரண்ல போடுங்க, வாரம் ஒரு தடவை மாத்துனா போதும்.

கூடைல போடற வேலையையும் பப்லுவே செய்வான், கவ்வித் தூக்கறதுதான் அவன் பொறப்பாச்சே. வாயில பொம்மை இருக்கறப்ப கூடையை நேரா கீழ பிடிச்சுக்கிட்டு மூக்குக்கிட்ட ஒரு பிஸ்கட்டைக் காட்டுங்க, வாயைத் திறப்பான், பொம்மை உள்ள விழும், அந்த நொடியே "கூடை"னு சொல்லி பிஸ்கட்டைக் குடுங்க, தினம் அஞ்சு நிமிஷம் போதும். ராத்திரி ஹால்லயும் பாத்ரூம் வழியிலயும் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

அப்புறம் உங்க வீட்டுக்காரர் திருச்சிக்கு நேர்ல போய் அப்பாகிட்ட கேக்கட்டும், போன்ல வேண்டாம், போன்ல கேட்டா "இங்கயே நல்லாத்தான்ப்பா இருக்கேன்"னுதான் சொல்லுவார். நேர்ல கேட்டும் அங்கதான் இருக்கேன்னு சொன்னா அது அவர் இஷ்டம். வந்தார்னா மட்டும் முதல் நாள் பப்லுவை கயித்துல பிடிச்சுக்கோங்க, மாமா சேர்ல நல்லா சாஞ்சு உக்காந்தப்புறம் அவுத்து விடுங்க, முப்பது கிலோ நாய் ஓடி வந்து மேல பாஞ்சா நிக்கற மனுசன் தாங்க மாட்டார்.