இந்த இடத்தில் மெத்தில் எதற்கு?

கேள்வி: திருச்சியில் எம்.எஸ்சி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பெங்களூரு பொம்மசந்திராவில் ஓர் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சிந்தெடிக் கெமிஸ்ட்டாக இருக்கிறேன். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பும் ஸ்ட்ரக்சர்களை 10, 20 மில்லிகிராம் அளவில் செய்து, 95 சதவீதத் தூய்மையில் அனுப்புவதுதான் வேலை. இங்கே ஃப்ளூரின் எதற்கு, அங்கே மெத்தில் எதற்கு என்று கேட்டால், ‘அது கிளையன்ட் விஷயம்’ என்கிறார்கள். மருந்து மூலக்கூறுகளை வடிவமைக்கும் மெடிசினல் கெமிஸ்ட்ரி பக்கம் போக ஆசை. டாக்கிங் (மூலக்கூறைக் கணினியில் புரதத்துக்குள் பொருத்திப் பார்ப்பது) கோர்ஸ் ஒன்றுக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கோர்ஸுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். கிளையன்ட் அனுப்பும் அந்தப் பட்டியலே உங்களுக்கு நல்ல பாடப்புத்தகம். அதிலுள்ள ஒவ்வொரு ஸ்ட்ரக்சரும் ஒரு கேள்வி. யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அது படத்திலேயே இருக்கிறது.

மருந்து வடிவமைப்பு ஒரு சுற்றாக நடக்கும் வேலை. யோசிப்பது, செய்வது, சோதிப்பது, முடிவைப் பார்த்து மறுபடி யோசிப்பது. நீங்கள் இருப்பது இரண்டாவது கட்டத்தில். முதல் கட்டத்தில் என்ன நடந்தது என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. இருபது காம்பவுண்டு வந்தால் இருபதையும் ஒரே பக்கம் பார்த்தபடி வரையுங்கள். மாறாத பகுதியைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடும் ஜோடிகளைப் பிரித்தெடுங்கள். ஹைட்ரஜனும் மெத்திலும் ஒரு ஜோடி, மெத்திலும் சிஎஃப்3-யும் ஒரு ஜோடி, பென்சீனும் பிரிடினும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே ‘எதைத் தெரிந்துகொள்ள இதைக் கேட்கிறார்கள்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் பெரும்பாலும் ஐந்தில் ஒன்றாக இருக்கும்: புரதத்தில் அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா, ஹைட்ரஜன் பிணைப்பு கிடைக்குமா, மூலக்கூறின் வடிவம் மாறுமா, கரையுமா, கல்லீரல் அதைச் சிதைக்குமா.

மெத்தில் கேள்விக்கு வருவோம். இதற்கு இமாட்டினிப்பை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து; இங்கே ஜெனரிக்காகவும் கிடைக்கிறது. அதன் படத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தொடக்கம் ஃபினைல்அமினோபிரிமிடின் என்ற எளிய எலும்புக்கூடு. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தார் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடியபோது கிடைத்தது அது. பிரிமிடினில் 3-பிரிடில் வளையத்தைச் சேர்த்தார்கள்; செல்லுக்குள் வேலை செய்யும் திறன் கூடியது. எதிர்ப்பக்க ஃபினைலில் ஒரு பென்சமைடைச் சேர்த்தார்கள்; இந்தப் புற்றுநோயைத் தூண்டும் ஏபிஎல் போன்ற டைரோசின் கைனேஸ் நொதிகளும் அடைபட ஆரம்பித்தன. ஆனால் கைனேஸ் சி-யும் கூடவே அடைபட்டது. இந்த நிலையில், பாலம் போடும் என்.ஹெச்.-க்கு ஆர்த்தோ இடத்தில், அதாவது வளையத்தின் அடுத்த கார்பனில், ஒரே ஒரு மெத்தில் வைத்தார்கள். கைனேஸ் சி தடுப்பு போய்விட்டது, ஏபிஎல் தடுப்பு அப்படியே நின்றது. கூடிய எடை வெறும் 14 டால்டன். அந்த மெத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் ஃபினைல் வளையமும் பிரிமிடினும் ஒரே தளத்தில் படுக்க முடியாமல் திரும்பி நிற்கின்றன. திரும்பி நிற்கும் வடிவம் ஏபிஎல்லுக்கு ஒத்துவருகிறது, கைனேஸ் சி-க்கு ஒத்துவரவில்லை. உங்கள் பட்டியலில் ஓர் அமைடுக்கோ அனிலினுக்கோ ஆர்த்தோ இடத்தில் மெத்தில், குளோரோ, ஃப்ளூரோ என்று வரிசையாக வந்தால், கிளையன்ட் கேட்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான்.

இமாட்டினிப்பில் இன்னொரு துண்டும் கவனிக்க வேண்டியது. அதுவரை செய்த மூலக்கூறு சரியாகக் கரையவில்லை, வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் போதுமான அளவு சேரவில்லை. அதற்காக என்-மெத்தில்பைப்பரசீனை ஒட்டினார்கள். நேரடியாக வளையத்தில் ஒட்டவில்லை. நடுவே ஒரு சிஹெச்2 வைத்தார்கள். நேராக ஒட்டினால் அது அனிலின் வகை ஆகிவிடும், மரபணுவைப் பாதிக்கும் ஆபத்து உண்டு என்ற யோசனை. ரியாக்‌ஷன் பார்வையில் பக்வால்டு வினைக்குப் பதில் ஓர் அல்கைலேஷன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கார்பனுக்குப் பின்னால் நச்சியல் இருக்கிறது.

பிற்பாடு எக்ஸ்ரே படிக அமைப்பு வந்தபோது எது எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. ஏபிஎல்லின் அமினோ அமிலங்களில் (எண் அதன் வரிசை இடம்) பிரிடின் நைட்ரஜன் மெத்தியோனின் 318-ஐ, பாலத்து என்.ஹெச். த்ரியோனின் 315-ஐ, அமைடு குளூட்டமேட் 286-ஐயும் அஸ்பார்டேட் 381-ஐயும் பிடிக்கின்றன. இதில் த்ரியோனின் 315 மாறி ஐசோலூசின் ஆகிவிட்டால் ஹைட்ரஜன் பிணைப்பும் போகிறது, இடமும் அடைபடுகிறது. மருந்து வேலை செய்யாது. நோயாளிகளிடம் உண்மையிலேயே தோன்றும் மாற்றம் இது. அந்தப் பருத்த ஐசோலூசினைத் தாண்ட, பின்னால் வந்த பொனாட்டினிப்பில் ஓர் அசிட்டிலீன் இணைப்பை வைத்தார்கள். சோனோகாஷிரா வினை செய்தவருக்கு அந்த முப்பிணைப்பு எவ்வளவு ஒல்லியானது என்று தெரியும். அந்த ஒல்லிதான் அங்கே தேவைப்பட்டது.

இனி ஃப்ளூரின். இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, கல்லீரலின் சைட்டோக்ரோம் நொதிகள் ஆக்சிஜனேற்றம் செய்யும் இடத்தை மூடுவது. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் இதற்குத் தெளிவான பாடம். அதன் முன்னோடியில் மெத்தாக்சி ஃபினைல்கள் இருந்தன, ஒரு வெற்று ஃபினைலும் இருந்தது. உடலுக்குள் போனதும் எங்கெங்கே உடைகிறது, உடைந்ததில் எது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். பயன் தரும் இடங்களில் ஹைட்ராக்சிலைத் தாங்களே வைத்தார்கள். வீணாகும் இரண்டு பாரா (வளையத்தின் எதிர்முனை) இடங்களை ஃப்ளூரினால் மூடினார்கள். வெள்ளெலி சோதனையில் வீரியம் சுமார் 50 மடங்கு கூடியது. தினம் 10 மில்லிகிராமே போதும் என்ற அளவுக்கு மருந்து வந்து நின்றது.

இரண்டாவது காரணம் காரத்தன்மையைக் குறைப்பது. எத்தில்அமினின் பிகேஏ (இது கூடினால் காரத்தன்மை அதிகம்) சுமார் 10.7. நைட்ரஜனிலிருந்து இரண்டாவது கார்பனில் ஒரு ஃப்ளூரின் வைத்தால் 9.0, இரண்டு வைத்தால் 7.3, மூன்று வைத்தால் 5.7. ஏன் குறைக்க வேண்டும்? காரத்தன்மை மிகுந்த அமினும் எண்ணெய்ப்பசையுள்ள அரோமாட்டிக் வளையங்களும் சேர்ந்தால் இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் சேனல் அடைபட வாய்ப்பு அதிகம். ஒவ்வாமை மருந்து டெர்ஃபெனடின் இதில்தான் சிக்கியது. கீட்டோகோனசோல் போன்ற மருந்து கல்லீரல் நொதியைத் தடுக்கும்போது டெர்ஃபெனடின் உடையாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் குலைத்தது. 1990-களின் இறுதியில் சந்தையை விட்டே போனது. அதன் டெர்ட்-பியூட்டைலில் ஒரு மெத்தில் ஆக்சிஜனேற்றமாகி கார்பாக்சிலிக் அமிலமாக மாறிய பொருள்தான் இன்று நாம் சளி, தும்மலுக்கு வாங்கும் ஃபெக்சோஃபெனடின். ஆகவே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தொடரில் திடீரென்று அமில அனலாக் கேட்டாலோ, பைப்பரிடினுக்குப் பக்கத்தில் ஃப்ளூரின் கேட்டாலோ, ஹெர்க் ரிப்போர்ட் சரியாக வரவில்லை என்று ஊகிக்கலாம்.

லிபின்ஸ்கி விதியை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். மூலக்கூறு எடை 500-க்குள், லாக் பி (எண்ணெய்ப்பசையின் அளவு) 5-க்குள், ஹைட்ரஜன் பிணைப்புக் கொடையாளிகள் 5-க்குள், ஏற்பவை 10-க்குள். வாய்வழி மருந்துக்கு எச்சரிக்கைக் கோடு என்ற அளவில் தெரிந்திருந்தால் போதும்.

இதைவிட உங்கள் மேஜைக்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. சோதனையில் வரும் எண் நீங்கள் அனுப்பும் குப்பியைப் பொறுத்தது. இங்கே நடக்கும் தவறு அங்கே ‘இந்த மெத்தில் உதவவில்லை’ என்ற முடிவாகிவிடும். ஒரு நல்ல யோசனை அதோடு கைவிடப்படும்.

முதலில் உப்பு. பாக் என்ற பாதுகாப்புத் தொகுதியை எடுக்க டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) போடுகிறீர்கள், பிறகு 0.1 சதவீத டிஎஃப்ஏ கலந்த பிரெப் ஹெச்பிஎல்சி-யில் சுத்தம் செய்கிறீர்கள். கிடைப்பது அமின் அல்ல, அதன் டிஎஃப்ஏ உப்பு. லேபிளில் வெறும் அமினின் எடை 450 என்று எழுதினால், 10 மில்லிகிராமுக்கு 2.22 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ கரைப்பான் விட்டு 10 மில்லிமோலார் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை எடை 564. கரைசல் 8 மில்லிமோலார்கூட இல்லை. இரண்டு டிஎஃப்ஏ ஒட்டியிருந்தால் எடை 678, கரைசல் 6.6 தான். ஃப்ளூரின் என்எம்ஆரில் மைனஸ் 76-ஐ ஒட்டி ஒரு கூர்மையான பீக் தெரிந்தால் அதுதான் இது. சோடியம் பைகார்பனேட் கழுவலோ, எஸ்சிஎக்ஸ் (அயனிப் பரிமாற்ற) கார்ட்ரிஜில் ஏற்றி அம்மோனியா கலந்த மெத்தனாலில் இறக்குவதோ போதும்; முடியாவிட்டால் உப்பு எடையையே லேபிளில் போடுங்கள். இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரையிலும் இதே கணக்குதான். உள்ளே 478 மில்லிகிராம் மெசைலேட் உப்பு இருக்கிறது, அட்டையில் எழுதுவது அடிப்படை மூலக்கூறின் எடையை.

அடுத்து, ‘95 சதவீதம்’ என்ற எண். யுவி டிடெக்டர் பார்ப்பது யுவி-யில் தெரிவதை மட்டுமே. உப்பு, நீர், சிலிகா, கரைப்பான் எதுவும் அதற்குத் தெரியாது. மீதி 5 சதவீதம் என்ன என்பதும் முக்கியம். அது 10 நானோமோலாரில் வேலை செய்யும் முந்தைய காம்பவுண்டாக இருந்தால், கொஞ்சமும் வேலை செய்யாத புதுக் காம்பவுண்டும் 200 நானோமோலார் ஐசி50 (நொதியைப் பாதி தடுக்கத் தேவையான செறிவு) காட்டும். கடைசி ஸ்டெப்பின் ஸ்டார்டிங் மெட்டீரியலே வீரியம் உள்ளது என்று தெரிந்தால் அதை 0.5 சதவீதத்துக்குக் கீழே இறக்கப் பாருங்கள். சுசுகி, சோனோகாஷிராவில் தங்கும் பல்லேடியமும் நொதிகளின் தயோல்களைப் பிடித்துப் பொய்யான தடுப்பைக் காட்டக்கூடும். பொருள் வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் தயோல் சிலிகாவோடு சில மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். ஒரு தொடரில் எல்லாக் காம்பவுண்டுமே ஒரே மாதிரி வீரியம் காட்டினால், பொதுவாகத் தங்கிய அசுத்தத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இப்போது டாக்கிங். ஐசி50 பத்து மடங்கு மாற ஆற்றலில் 1.4 கிலோகலோரி வித்தியாசம் போதும். டாக்கிங் ஸ்கோரில் வரும் பிழையோ பொதுவாக 2 கிலோகலோரி அளவு. எனவே 10 நானோமோலாரையும் 100 நானோமோலாரையும் அது பிரித்துச் சொல்லாது. அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்க்க நல்ல கருவி, அவ்வளவே. ஆட்டோடாக் வினா (Vina) என்ற டாக்கிங் மென்பொருள் இலவசம். புரத அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் இமாட்டினிப் இருக்கும் ஏபிஎல் அமைப்பை எடுத்து, மருந்தை நீக்கிவிட்டு மறுபடி டாக் செய்து, பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த மெத்திலை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்கோர் அநேகமாகப் பெரிதாக மாறாது. ஏபிஎல்லை மட்டும் வைத்து டாக் செய்தால் அந்த மெத்திலின் பயன் கண்ணில் படாது. கைனேஸ் சி-யோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. கோர்ஸில் சேரும் முன் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

எண்களோடு பழக, காம்பவுண்டுகளின் சோதனை முடிவுகள் உள்ள கெம்பிள் (ChEMBL) தளத்துக்குப் போங்கள். ஒரு புரதத்தைத் தேர்ந்து, ஒரே ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்த 30 காம்பவுண்டுகளை எடுத்து, முதலில் சொன்ன ஜோடிப் பயிற்சியைச் செய்யுங்கள். வெவ்வேறு ஆய்வகங்களின் ஐசி50-களைக் கலக்க வேண்டாம். ஒரே ஆய்வகத்திலும் இரண்டு மூன்று மடங்கு ஏற்ற இறக்கம் சகஜம். 20-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கிளையன்டின் ஸ்ட்ரக்சரை எந்த இணையதளத்திலும் வரையாதீர்கள். லாக் பி கணக்கிடவும் வேண்டாம், ஏஐ கருவியிடம் விளக்கம் கேட்கவும் வேண்டாம். பேடண்டுக்கு முன் வெளியே கசிந்தால் அது உங்கள் வேலையோடு நிற்காது. ஜோடிப் பயிற்சிக் காகிதமும் கம்பெனி நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும், ஓசூர் பஸ்ஸில் ஏற வேண்டாம். அடுத்த வேலைக்கான நேர்காணலில் பேச, இமாட்டினிப், எசெட்டிமைப் போல வெளியான மருந்துகளில் நான்கைந்தைத் தயார் செய்து, ஒவ்வொரு அணுவுக்கும் காரணம் சொல்லிப் பழகுங்கள்.