தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா? கிராம சபை, வீடு, மனை: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊரில் விளைநிலத்தில் அனுமதி வாங்காமல் மனை பிரிக்கிறார்கள். மே 1 கிராம சபையில் எழுந்து பேசினேன். தலைவர் "பார்க்கலாம்" என்றார். தீர்மானத்தில் அது இல்லவே இல்லை.

பதில்: ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கூத்தைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானம் எழுதுவது சாயங்காலம், கையெழுத்துகளுக்கு மேலே விட்டு வைத்த வெற்றுப் பக்கங்களில்.

அதனால் அடுத்த சபைக்கு நாலு நாள் முன்பே, சர்வே எண்ணோடு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15 தூரமில்லை. கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லுங்கள். வந்திருக்கும் தலைகளையும் எண்ணுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

மே 1 தீர்மான நகலை இப்போதே கேட்டு வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவின் இன்னொரு பிரதியை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மனைப்பிரிவு விஷயம் ஊராட்சியோடு முடிவதில்லை. "பின்னால் வரன்முறை செய்துக்கலாம்", அதாவது அனுமதி இல்லாத மனையைப் பிறகு சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். 2017 வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குத்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடிகூட இடம் விடாமல் மாடி எழுப்புகிறார். கேட்டால் சுயசான்று அனுமதி என்கிறார். நகர வார்டுகளில் மக்கள் கூடும் ஏரியா சபையில் தீர்மானம் போட்டு நிறுத்த முடியுமா?

பதில்: முடியாது. சபை கோரலாம், அவ்வளவுதான். வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் அதிகாரம் தருவது 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள். உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (விதிப்படி கட்டுவதாகத் தானே சான்று கொடுத்து அனுமதி வாங்குவது), 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு. முன்கூட்டி ஆய்வு கிடையாதே தவிர, பக்க இடைவெளி விதி அப்படியேதான் இருக்கிறது. தூண் எழும்பும்போதே உங்கள் மாடியிலிருந்து தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். சீல் வைத்தாலும் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு போவார்கள்; அது இழுக்கும். கூரை போட்டு, பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு புகார் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கும்.

கேள்வி: லேஅவுட் பூங்கா இடத்தில் சங்கக் கட்டடம் கட்டலாமா? எல்லோருக்கும் சம்மதம்.

பதில்: எல்லோருக்கும் சம்மதம் என்றாலும் கூடாது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் திறந்தவெளிக்கென 10 சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். அப்படித் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்த இடம் உள்ளாட்சியுடையது, சங்கத்துடையது அல்ல.

கேள்வி: ஏரிக்கரையில் வீடு. இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

பதில்: 2024 நவம்பர் 13 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு அது பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்புக்குத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. முதலில் தாசில்தார் அலுவலகத்தில் புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) வாங்கி, உங்கள் வீடு ஏரி எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். வெளியே என்றால் அந்த அளவைப் பதிவு கையில் இருக்கட்டும்.