பத்து வயது மகளுக்கு 'கிரீஸ்' படத்தைக் காட்டலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. பள்ளி ஆண்டு விழாவுக்கு டான்ஸ் மாஸ்டர் 'கிரீஸ்' என்ற பழைய ஆங்கிலப் படத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்திருக்கிறாராம். எந்தப் பாட்டு என்று இன்னும் தெரியவில்லை. முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று மகள் இரண்டு வாரமாக நச்சரிக்கிறாள். கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள், "ஸ்கூல் பசங்க ஆடிப் பாடுற படம்தான் அத்தை, தாராளமா காட்டுங்க" என்கிறாள். நான் அரை மணி நேரம் பார்த்தேன். பாட்டெல்லாம் ஜாலியாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. காட்டலாமா, வேண்டாமா? இந்த மாதிரிப் படங்களை எதை வைத்து முடிவு செய்வது?
ஒரு வாசகி, கோவை

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன், இப்போது வேண்டாம். மகனுக்கு நிச்சயமாக வேண்டாம். மகளுக்கு இன்னும் மூன்று வருடம் போகட்டும், அப்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டத்துக்குத் தடை போட வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பாட்டு என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு உறுத்தியது எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. விடுமுறையில் கடற்கரையில் பழகிய ஒரு பையனும் பெண்ணும் பள்ளி திறந்ததும் தனித்தனியாகத் தங்கள் நண்பர்களிடம் அந்தக் கதையைப் பாடுவார்கள் இல்லையா, அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டு சப்டைட்டிலோடு பாருங்கள். ஒரே கோடைக்காலம்தான், ஆனால் அவள் சொல்வது வேறு, பையன்கள் கூட்டத்தில் அவன் அளப்பது வேறு. அதுவரை அழகான யோசனை. நடுவில் ஒரு பையன் பாட்டோடு பாட்டாக ஒரு கேள்வி கேட்கிறான்: அவள் எதிர்த்துப் போராடினாளா என்று. ஒரு நொடிதான், மெட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் காது அதைப் பிடித்திருக்கிறது, மனம் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுப் படங்களைப் பற்றி நான் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சாதாரணப் படத்தில் ஒரு தப்பான வசனம் வந்தால் அது காதோடு போய்விடும், குழந்தை அடுத்த நாள் அதைச் சொல்லிக்கொண்டு திரியாது. பாட்டு அப்படியில்லை. குளிக்கும்போது வரும், வேனில் வரும், வீட்டுப்பாடம் எழுதும்போது வரும், ஒரு வாரத்தில் ஐம்பது தடவை அந்த வரியை உங்கள் பிள்ளை தன் வாயால் பாடியிருக்கும். என் அண்ணன் மகள் எட்டு வயதில் இதே படத்தின் கார் பாட்டை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்து, பாட்டியோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே முழுசாகப் பாடினாள். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பேத்தி பாடுவதைப் பார்த்துப் பூரித்துப்போய், "என்னடா அர்த்தம் இதுக்கு, கொஞ்சம் சொல்லு" என்று என்னைக் கேட்டார். அந்தப் பாட்டு, பழைய காரைப் புதுப்பித்தால் பெண்கள் எப்படி வந்து விழுவார்கள் என்று பையன்கள் மிகப் பச்சையாகப் பாடுவது. "காரைப் பத்தின பாட்டும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து குழந்தைகளுக்கு எந்தப் பாட்டுப் படம் போடுவதானாலும் முதலில் பாடல் வரிகளை எழுத்தில் படித்துவிடுவது என் வழக்கம். நெட்டில் எல்லா வரியும் கிடைக்கும், ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆகும். மெட்டில்லாமல் வெறும் எழுத்தாகப் படித்தால் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது.

"சர்டிபிகேட் பார்த்தால் போதாதா" என்று கேட்பீர்கள். போதாது, அதற்கு இந்தப் படமே சாட்சி. 1978-ல் வெளியானபோது அமெரிக்காவில் இதற்குப் 'பிஜி' கொடுத்தார்கள், அதாவது பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பிரிவு. பதின்மூன்று வயதைக் கோடாக வைக்கும் 'பிஜி-13' என்ற பிரிவே அங்கே 1984-ல்தான் வந்தது. பிறகு 2010-ல், ரசிகர்கள் தியேட்டரில் சேர்ந்து பாடுவதற்கென்று இதே படத்தை மறுபடி வெளியிட்டபோது, 'பிஜி-13' ஆகிவிட்டது. காரணம் என்று சொன்னது பாலியல் பேச்சு, சிறு வயதினர் புகைப்பதும் குடிப்பதும், மொழி. கதை அதே கதை, பாட்டும் அதே பாட்டு, பார்க்கிற கண்தான் மாறியது. நம் ஊரில் ஓடிடி படங்களுக்கு 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என்று வயது போட வேண்டும், என்ன காரணத்துக்காக அந்த வயது என்றும் சில சொற்களில் காட்ட வேண்டும். வயதைவிட அந்தச் சொற்களைப் படியுங்கள், படம் ஆரம்பிக்கும்போது மூலையில் வந்து போகும். 13+ படங்களிலிருந்து பூட்டு வசதியும் இருக்க வேண்டும் என்பது விதி, அதைப் போட்டு வையுங்கள், ஆறு வயசுக்காரன் ரிமோட்டை எடுத்துவிடுவான்.

சரி, படத்துக்கு வருவோம். பத்து வயதுப் பெண்ணுக்கு இதில் எது சிக்கல் என்றால், முத்தமோ கட்டிப்பிடிப்பதோ இல்லை. அதெல்லாம் நம் டிவியில் வருவதைவிடக் குறைவுதான். ரிஸ்ஸோ என்று ஒரு பெண் வருகிறாள், தோழிகள் கூட்டத்துக்குத் தலைவி. காதலனோடு காரில் இருக்கும்போது, அவன் ஏழாம் வகுப்பில் வாங்கிப் பர்ஸில் வைத்திருந்த ஆணுறை கிழிந்துபோகிறது. பிறகு ஒரு நாள் தோழியிடம், நான் பழுதான டைப்ரைட்டர் மாதிரி ஆகிவிட்டேன், ஒரு பீரியட் விட்டுப்போச்சு என்கிறாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முற்றுப்புள்ளியும் ஆகும், மாதவிலக்கும் ஆகும், அதை வைத்துச் சொல்கிற சிலேடை. உங்கள் மகளுக்குப் பத்து வயது. இன்னும் ஓரிரு வருடத்தில், ஒருவேளை அதற்கும் முன்னால், அவளே அந்தச் சொல்லைத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லப்போகிறவள். மாதவிலக்கு என்றால் என்ன என்பதை அவள் முதலில் உங்களிடமிருந்து கேட்க வேண்டும், நிதானமாக, பயமில்லாமல், அது நல்ல செய்தி என்கிற மாதிரி. ஒரு பெண் அதற்காகப் பயந்து நடுங்கும் காட்சியிலிருந்து கேட்கக் கூடாது. நீங்கள் இன்னும் பேசவில்லையென்றால் இந்தப் படத்தை விடுங்கள், அந்தப் பேச்சை இந்த மாதமே பேசிவிடுங்கள்.

அதே ரிஸ்ஸோதான் இந்தப் படத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பார்க்க வேண்டிய ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ரகசியம், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டரில் ஒரு காரிலிருந்து அடுத்த காருக்கு நிமிடத்தில் பரவிவிடுகிறது. இன்று வாட்ஸ்அப் குரூப்பில் பரவுவது மாதிரியே. அதற்கப்புறம் அவள் தனியாக நடந்துகொண்டே ஒரு பாட்டுப் பாடுகிறாள், ஊர் என்னைப் பற்றி என்ன பேசினாலும் நான் செய்யாத கெட்டது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்கிற அர்த்தத்தில். மற்றப் பாட்டுகள் எல்லாம் பொம்மைக்கடை மாதிரி மின்னும்போது இது ஒன்றுதான் மனிதக் குரலில் வருகிறது. பெரிய பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தால் அந்த மூன்று நிமிடத்தை வைத்தே ஒரு சாயங்காலம் பேசலாம். பத்து வயதில் அது வெறும் மெதுவான பாட்டு, ஓட்டிவிடுவாள்.

இன்னொன்று கடைசிக் காட்சி. கடற்கரையில் பழகிய அந்தப் பெண் சாண்டி, நல்ல பெண், அடக்கமான பாவாடை, பூனைக்குட்டி முகம் என்று படம் முழுக்க வருகிறாள். கடைசியில் தலைமுடியைச் சுருட்டி, இறுக்கமான கருப்பு உடை போட்டு, வாயில் சிகரெட்டோடு வந்து நிற்கிறாள், அந்தப் பையன் வாயடைத்துப்போகிறான். நியாயமாகச் சொன்னால் அவனும் அவளுக்காக மாறியிருக்கிறான், ஓட்டப்பந்தயம் ஓடி, பள்ளி விளையாட்டு வீரர்கள் போடும் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறான். ஆனால் அவளைப் பார்த்ததும் அந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிடுகிறான். அவள் மாறியது மட்டும் நிற்கிறது. குழந்தைகள் நடுவில் வருவதை மறந்துவிடுவார்கள், யாருக்குக் கைதட்டல் கிடைத்தது என்பதை மறக்க மாட்டார்கள். அதனால் எந்தப் படமானாலும் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பாருங்கள், கதை தெரிந்துபோகுமே என்று கவலைப்படாதீர்கள், நீங்கள் ரசிக்கவா பார்க்கிறீர்கள்?

அப்புறம் நடிகர்களின் வயது. பதினேழு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் என்று நாம் பார்க்கிறவர்களில், அந்தப் பையனாக வந்த ஜான் டிரவோல்டாவுக்குப் படம் பிடித்தபோது 23, சாண்டியாக வந்த ஒலிவியா நியூட்டன் ஜானுக்கு 28, ரிஸ்ஸோவாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33. பத்து வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஹைஸ்கூல் போனால் நாமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். எப்போது காட்டினாலும் இதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

படத்தில் நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அதே திறந்தவெளித் தியேட்டரில், காருக்குள் அவன் எல்லை மீறும்போது சாண்டி கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போகிறாள். தயங்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, போகிறாள். அதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்கு மனம் நிறையும். அதற்குப் பிறகு அவன் ஐயோ என்னை விட்டுப் போய்விட்டாளே என்று உருகிப் பாடுவான், நம் இரக்கமெல்லாம் அவன் பக்கம் திரும்பிவிடும், அங்கேதான் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "இவன் எதுக்குமா அழறான், தப்புப் பண்ணது யாரு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாத்தனார் மகளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவள் வயதில் பார்க்கிறவர்களுக்கு இது பழைய காலத்து வேடிக்கை, கிண்டலாகவே பார்த்துச் சிரிப்பார்கள். கிண்டல் பண்ணத் தெரிந்த வயதும் பாடம் படிக்கிற வயதும் ஒன்றில்லை. அதே மாதிரி, ஆங்கிலப் படம் என்றால்தான் இவ்வளவு யோசிக்கிறோம், ஆண்டு விழா மேடைகளில் நம் குத்துப்பாட்டுகளுக்கு யுகேஜி பிள்ளைகள் ஆடும்போது வரிகளை யாராவது படித்துப் பார்க்கிறோமா? அங்கேயும் இதே கண்ணோடு பாருங்கள்.

மகளிடம் வெறுமனே "வேண்டாம்" என்று சொன்னால் தோழி வீட்டில் பார்த்துவிடுவாள். ஆசைப்படுவது பாட்டுக்கும் பள்ளிக்கும்தானே, அதைக் கொடுங்கள். 'ஹைஸ்கூல் மியூசிகல்' 2006-ல் டிஸ்னி சேனலுக்காக எடுத்தது, பத்து வயதுக்குத் தாராளமாகப் பொருந்தும். கூடைப்பந்து கேப்டனும் கணக்கில் புலியான பெண்ணும் பள்ளி நாடகத்தில் பாட ஆசைப்படுகிறார்கள், முதல் படத்தில் உதட்டு முத்தம்கூடக் கிடையாது. அதில் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பாட்டு வரும். பந்து விளையாடும் பையன் எழுந்து, எனக்குக் கேக் செய்யத்தான் பிடிக்கும் என்று ஒத்துக்கொள்வான், இன்னொருவன் செல்லோ வாசிப்பேன் என்பான், மொத்தக் கூடமும், சும்மா இருந்த இடத்திலேயே இரு என்று அவர்களை அடக்கும். உங்கள் மகள் வகுப்பில் தினமும் நடப்பது அது. தம்பியும் கூட உட்கார்ந்து பார்க்கலாம், அவனுக்குப் பந்து போதும். பதினொன்று, பன்னிரண்டில் 2007-ல் வந்த 'ஹேர்ஸ்ப்ரே' காட்டுங்கள், குண்டான ஒரு பெண் டிவி நடன நிகழ்ச்சியில் ஆடப் போராடுவதும், 1962-ல் பால்டிமோரில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனி நாளில் ஆட வைத்த கொடுமையும் அதில் இருக்கிறது. அங்கங்கே இரட்டை அர்த்தம் உண்டு, முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக டான்ஸ் மாஸ்டர். படத்தின் முடிவில் பொருட்காட்சித் திடலில் எல்லோரும் சேர்ந்து ஆடும் பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லுங்கள், பாதிக்கு மேல் அர்த்தமே இல்லாத ஓசைகள்தான், குழந்தைகள் ஆடினால் அவ்வளவு நன்றாக இருக்கும். கார் பாட்டு என்றாலோ, நான் மேலே சொன்ன கோடைக்காலப் பாட்டு என்றாலோ, சண்டை வேண்டாம், வரிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். பல மாஸ்டர்கள் மெட்டைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள், வரியைப் பார்த்தால் அவரே மாற்றிவிடுவார். அப்படியும் மாற்றவில்லையென்றால் மற்ற இரண்டு மூன்று அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வகுப்பு ஆசிரியையைப் பாருங்கள். உடைக்கு அளவெடுப்பதற்கு முன்னால் போங்கள், துணி வெட்டிவிட்டால் யாரும் பாட்டை மாற்ற மாட்டார்கள்.