இரண்டு விரலால் மூட முடியாத குழாய்

சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில்: வீட்டுப் பழுது

ஐயா, வணக்கம். ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். குளியலறையில் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. என் கணவர் காணொளி பார்த்து அதைக் கழற்றி, புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டார். நின்றது. நான்காம் நாள் மறுபடியும் சொட்டு. இன்னொரு வாஷர் போட்டார், அதுவும் ஒரு வாரம்தான். இப்போது நாலைந்து சுற்றுச் சுற்றி, கடைசியில் பலமாக இறுக்கினால் சொட்டுவதில்லை. ஆனால் அப்படி மூடிய குழாயை என் மாமியாரால் திறக்க முடியவில்லை. அவர் மூடினால் சொட்டுகிறது. வந்து பார்த்த பிளம்பர் ஒருவர், சுவருக்குள் இருக்கும் பைப்போடு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். என் கணவருக்கோ இன்னொரு முறை தானே செய்து பார்க்க ஆசை. விடலாமா?
– ஈசூன் வாசகி

விடலாம் அம்மா. ஆனால் மூன்றாவது வாஷர் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நாலைந்து சுற்று என்று நீங்கள் எழுதியதிலிருந்து அது பழைய திருகு வகைக் குழாய் என்று தெரிகிறது. கைப்பிடியைத் திருகத் திருக உள்ளே ஸ்பிண்டில் என்னும் தண்டு இறங்கி, அதன் நுனியில் உள்ள ரப்பரை ஒரு பித்தளை வளையத்தின் மேல் அழுத்தும். அந்த வளையத்தைத் தொழிலில் சீட்டு என்போம். ரப்பர் தேய்வது இயற்கை, அதற்காகத்தான் மாற்றக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். தேய்ந்த ரப்பரை மாதக்கணக்கில் விட்டால்தான் தொல்லை. தண்ணீர் ஒரே இடுக்கு வழியாகப் பாய்ந்து பாய்ந்து, பித்தளை விளிம்பிலேயே நூல் பருமனுக்கு ஒரு பள்ளம் அறுத்துவிடும். அதன் மேல் புது வாஷரை வைத்து இறுக்கினால், ரப்பர் பள்ளத்துக்குள் பிதுங்கி அடைத்துக்கொள்ளும், சொட்டு நிற்கும். இறுக்க இறுக்க அதே விளிம்பு ரப்பரை வெட்டும். உங்கள் வீட்டு நான்கு நாள் கணக்கு அதுதான். உங்கள் கணவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், கெட்டுப்போன இடம் வேறு.

சுவருக்குள் இருக்கும் பைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழாயின் வாயிலிருந்து சொட்டினால் பழுது குழாய்க்குள். குழாய் சுவரில் சேரும் இடத்தில் கசிந்தாலோ, பக்கத்து ஓடுகள் காயாமலே இருந்தாலோதான் பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலை வீட்டில் கை வைக்கக்கூடியதல்ல, தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும். வாஷரும் குழாயும் மாற்றுவதற்கு அந்த உரிமம் தேவையில்லை, நீங்களே மாற்றலாம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மாமியாரைப் பற்றிய வரியை. 1998 வாக்கில் என் அம்மா தோ பாயோ வீட்டில் தனியாக இருந்தார். விரல்களில் மூட்டுவாதம். நான் வாரம் ஒரு முறை போவேன். குளியலறைக் குழாய் லேசாகச் சொட்டும். புறப்படும்போது இறுக்கி மூடிவிட்டு வந்துவிடுவேன். அப்போது எனக்கு இந்தத் தொழிலில் இருபத்து நான்கு வருட அனுபவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடியில் பழைய கைலித் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். பிடி கிடைப்பதற்காக அம்மாவே கட்டியது. துணி கட்டியும் திறக்க முடியாத நாள்களில், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைக் கூப்பிட்டுத் திறந்து தரச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1963-ல் தண்ணீர்ப் பங்கீடு வந்து பத்து மாதம் நீடித்தபோது, என்னை வரிசையில் இடம் பிடிக்க நிறுத்திவிட்டு வாளி வாளியாகச் சுமந்தவர் அவர். தண்ணீர் சொட்டுவதை அவரால் தாங்க முடியாது. அதனால் மகன் இறுக்கியதுதான் சரி என்று நினைத்துவிட்டார்.

அன்று மாலையே அந்தக் குழாயை மாற்றினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் பார்ப்பேன்: இரண்டு விரலால் மூடினால் சொட்டு நிற்க வேண்டும். பலம் போட்டு மூடினால்தான் நிற்கும் என்றால், நின்றாலும் அது பழுதான குழாய்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் மெயின் வால்வு. உங்கள் வீட்டு மீட்டர் வெளியே நடைபாதை ஓரத்து அலமாரியில், அக்கம்பக்கத்து மீட்டர்களோடு இருக்கும். வால்வும் அதன் பக்கத்திலேயே. வீட்டு எண் அழிந்துபோயிருந்தால், வீட்டில் ஒரு குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வந்து எந்த மீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் யாரோ தலையில் ஷாம்பூவோடு நிற்கும்போது தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. மூடிய பின் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் அடியோடு நின்றுவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். ஹீட்டர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள், இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம்.

தரையிலுள்ள வடிகால் துளையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கைப்பிடித் திருகாணி அதற்குள் விழுந்தால் தேட முடியாது. கைப்பிடியை எடுத்ததும், ஸ்பிண்டிலைப் பாதித் திறந்த நிலையில் வைத்துவிட்டு மேல்நட்டைக் கழற்றுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் ரப்பர் சீட்டில் அழுந்திக்கொண்டே திரும்பும், இரண்டுக்கும் கேடு.

அப்புறம், இதைக் கணவரிடம் இரண்டு முறை சொல்லுங்கள்: ஒரு ஸ்பேனர் நட்டில் இருக்கும்போது, இன்னொரு ஸ்பேனரோ கையோ குழாயின் உடலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்தப் பலம் முழுவதும் சுவருக்குள் இருக்கும் இணைப்புக்குப் போகும். பழைய வீடுகளில் அந்த இணைப்பு விட்டுப்போய், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன வேலை பெரிய வேலையாவது இந்த இடத்தில்தான்.

இப்போது கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். சீட்டு வழவழப்பாகப் பளபளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், காது குடையும் பஞ்சுக்குச்சியால் விளிம்பைச் சுற்றி ஒரு முறை தடவுங்கள். பள்ளம் இருந்தால் பஞ்சு இழை அங்கே மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை, விளிம்பு நன்றாக இருக்கிறது என்றால், வாங்கிய வாஷர் அளவு தவறாக இருக்கலாம். பெரும்பாலும் அரை அங்குல வாஷர்தான், ஆனாலும் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பஞ்சு மாட்டினால், சீட்டைச் சீவி மட்டமாக்க ஒரு கருவி இருக்கிறது. நானே பல வருடம் அதை வைத்துத்தான் வேலை செய்தேன். ஒரே ஒரு குழாய்க்காக நீங்கள் அதை வாங்குவதில் அர்த்தமில்லை. குழாயையே மாற்றிவிடுங்கள். திருகு வகை மறுபடி வேண்டாம். கால் சுற்றில் திறந்து மூடும், நீளமான கைப்பிடி உள்ள குழாயாகப் பாருங்கள். அதற்குள் ரப்பருக்குப் பதில் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகரும். இறுக்கவே வேண்டியதில்லை, உங்கள் மாமியார் மணிக்கட்டால் தள்ளியே மூடலாம். தண்ணீர்ச் சிக்கன முத்திரையில் எத்தனை டிக் என்று பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் குழாய்களுக்குக் குறைந்தது இரண்டு டிக் இருக்க வேண்டும். முத்திரையே இல்லாததை வாங்க வேண்டாம். எடை முக்கியம், கையில் எடுத்தால் பித்தளையின் கனம் தெரிய வேண்டும். கீழ்க்கடையில் இல்லையென்றால் ஜாலான் புசார் பக்கம் போய்ப் பாருங்கள், குளியலறைச் சாமான் கடைகள் அங்கே வரிசையாக உண்டு.

மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைக் குழாய் சுற்றும் திசையிலேயே, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க வலமாக, இழுத்துப் பிடித்துப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். குழாய் நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பக் கூடாது. திருப்பிய இடத்தில் டேப் தளர்ந்து கசியும். முழுதாகக் கழற்றி, புது டேப் சுற்றி, மறுபடி மாட்டுங்கள். எனக்கு இன்றும் சில நேரம் மூன்றாவது தடவைதான் சரியாக அமையும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 21 லிட்டருக்குச் சற்று மேல். மாதம் 650 லிட்டர். 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி 24 காசு. ஆக மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். பணத்துக்காக அவசரப்பட வேண்டிய பழுது இல்லை இது. ஆனால் நாள் முழுவதும் ஈரமாக இருக்கும் குளியலறைத் தரையில் வயதான ஒருவர் நடக்கிறார். இந்தச் சனிக்கிழமையே செய்துவிடுங்கள்.

*

ஷவரை மூடிய பிறகும் பத்து நிமிடம் வரை சொட்டுகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. உள்ளே கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டுமா?
– பொங்கோல் வாசகர்

வேண்டாம். ஷவர் தலையிலும் அதன் குழலிலும் தங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான். மூடியதும் தலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் மொத்தமாக வடிந்துவிடும். இரவு படுக்கப் போகும் முன் பாருங்கள், காலையிலும் பாருங்கள். இரண்டு நேரமும் சொட்டினால்தான், கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். அதிலும் 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று அளவு உண்டு. பழையதைக் கழற்றிக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள்.

*

டிசம்பரில் ஒரு மாதம் தஞ்சாவூர் போகிறோம். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வந்து பழுது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை கீழே வாளி வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார் அப்பா. சரியா?
– பிடோக் வாசகி

அப்பாவிடம் மரியாதையோடு சொல்லுங்கள், வாளி மட்டும் வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். நீங்கள் இல்லாத ஒரு மாதத்தில் அந்த வாளியில் கொசு வளர்ந்து பறந்துவிடும். டெங்கி வந்தால் முதலில் படுப்பது உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், தரை வடிகாலையும் கழிவறைத் தொட்டியையும் மூடிவிடுங்கள். பெட்டிகளை எல்லாம் வாசலில் வைத்த பிறகு, ஹீட்டரை அணைத்து, மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு லிஃப்டுக்குப் போங்கள். அந்த வால்வு இறுகிப்போய்த் திரும்பாமல் இருக்கலாம், அதைக் கிளம்பும் நாளில் கண்டுபிடிக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள்.