கரண்ட் போனால் இன்சுலின் என்ன ஆகும்?

கேள்வி: அக்கா, 'லோட் ஷெடிங்' (முறைவைத்து கரண்டை நிறுத்துவது) இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, புயல்மழை என்று கரண்ட் நாள்கணக்கில் போய்விடுகிறது. அம்மா இன்சுலின் போடுகிறார். எங்கள் கோயில் மாதர் குழு என்ன ஏற்பாடு செய்யலாம்?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் அம்மா விஷயம், தங்கச்சி. இப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின், பெரும்பாலான வகைகளில், அதிக வெயில் படாத இடத்தில் சுமார் 28 நாள் தாங்கும். திறக்காத ஸ்டாக்தான் கவலை. கதவைத் திறக்காவிட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். அப்புறம் ஐஸ் பையோடு கூலர் பெட்டியில் வையுங்கள். ஆனால் மருந்தைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண், போடவே கூடாது.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் பல மாதம் டேங்கர் லாரியை நம்பி நின்றதே! வீட்டுக்கு ஒரு 25 லிட்டர் கேனாவது நிரப்பி வையுங்கள். தண்ணீரின் சுத்தத்தில் சந்தேகமா? அந்த 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு டீஸ்பூன் கலந்து, 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

குழுவுக்கு நான் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். யார் வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின், யார் தனியாக இருக்கும் பாட்டி என்று பேனாவால் எழுதுங்கள்; டவர் பேட்டரி தீர்ந்தால் வாட்ஸ்அப் உதவாது. அன்னதான கேஸ் அடுப்பும் அண்டாவும் கோயிலில் இருக்குமே, அதில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கலாம். ஜெனரேட்டரை மட்டும் மண்டபத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகை உயிரையே எடுத்துவிடும்.